மலேரியா ஒழிந்த நாட்டில் கிணறுகளுக்குள் காத்திருக்கும் அபாயம்

இலங்கை மலேரியா நோயிலிருந்து விடுபட்ட நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி அத்தாட்சிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக இந்தத் தகுதியைப் பெற்ற நாடு இலங்கையே. மூன்று தசாப்த கால யுத்தத்தினால் சீரழிந்த ஒரு தேசம், உலகின் செல்வந்த நாடுகளே வியந்து பார்க்கும் வகையில் ஒரு கொடிய நோயை வென்றது என்பது சகல சமூகங்களும் பெருமைப்பட வேண்டிய விடயமாகும். ஆனால், அந்த அத்தாட்சி கிடைத்து மூன்று மாதங்கள் நிறைவடைந்த வேளையில், அதே ஆண்டின் டிசெம்பர் மாதத்தில், மன்னார் தீவில் மேற்கொள்ளப்பட்ட பூச்சியியல் ஆய்வின்போது இலங்கையில் அதுவரை கண்டறியப்படாத ஒரு மலேரியா நுளம்பின் குடம்பிகள் கிணறுகளிலே காணப்பட்டன. முதல் செய்தி தலைப்புச் செய்தியானது. இரண்டாவது செய்தி அந்தளவுக்குப் பேசப்படவில்லை. வடக்கு, கிழக்கு மக்களைப் பொறுத்தவரை இரண்டாவது செய்தியே கூடுதலான கவனத்துக்குரியது என்று நாம் கருதுகின்றோம்.

மலேரியா ஒழிப்பு என்பது ஒரு நாளில் வென்று முடிக்கப்படும் போர் அல்ல. ஒரு தடவை வென்றதாக நினைத்து ஆயுதத்தைக் கீழே வைத்த அனுபவம் இந்த நாட்டுக்கு ஏற்கனவே உண்டு. அந்த வரலாற்றை மறந்துவிட்டு இன்றைய நிலையை மதிப்பிட முடியாது.

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருக்கெடுத்தோடும் மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுகைகளில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கின. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு பெருகுவதற்கு அத்தகைய தெளிந்த, அசைவற்ற நீரே உகந்தது. உலர் வலயத்து மக்களைப் போன்று மலேரியாவுக்குப் பழக்கப்பட்டிராத கேகாலை, குருநாகல் பிரதேச மக்கள் இலட்சக்கணக்கில் நோயுற்றனர். 1934 ஆம் ஆண்டின் இறுதியில் ஆரம்பித்து 1935 ஆம் ஆண்டு முழுவதும் நீடித்த அந்தத் தொற்றினால் சுமார் 80 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அன்றைய இலங்கையின் மொத்த சனத்தொகை 60 இலட்சத்தை எட்டியிருக்கவில்லை என்பதை நோக்கும்போது அந்த அழிவின் பரிமாணம் விளங்கும். பட்டினியும் நோயும் ஒருசேரத் தாக்கிய கிராமங்களுக்கு மருந்தும் உணவும் எடுத்துச் சென்ற என்.எம்.பெரேரா, பிலிப் குணவர்தன போன்ற இடதுசாரி இளைஞர்கள் அடுத்த ஆண்டிலேயே அரசாங்க சபைக்குத் தெரிவாகினர். ஒரு நோய் நாட்டின் அரசியலையே மாற்றியமைத்த காலம் அது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. என்ற பூச்சிநாசினி வந்து சேர்ந்தது. வீடுகளின் சுவர்களில் அது விசிறப்பட்டது. 1946 ஆம் ஆண்டில் சுமார் 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர்களின் எண்ணிக்கை 1963 ஆம் ஆண்டில் வெறும் 17 ஆக வீழ்ச்சியடைந்தது. அந்தப் 17 பேரிலும் பலர் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்களே. நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் மருந்து விசிறுதல் நிறுத்தப்பட்டது. காய்ச்சல்காரரைத் தேடிச் சென்று இரத்தம் பரிசோதிக்கும் பணியும் தளர்ந்தது. எலஹெர போன்ற இடங்களில் மாணிக்கக்கல் அகழ்வதற்காகத் தோண்டப்பட்ட குழிகளில் நீர் தேங்கியது. வேலை தேடி அங்கு சென்றவர்கள் நோயுடன் தத்தமது ஊர்களுக்குத் திரும்பினர். 1969 ஆம் ஆண்டில் நோயாளர்களின் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் டி.டி.ரி.யைக் கையில் எடுத்தபோது நுளம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியைப் பெற்றிருந்தது. மலத்தியன் என்ற, செலவு கூடிய மாற்று மருந்துக்கு நாடு செல்ல வேண்டியதாயிற்று.

பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்குச் செல்ல ஆறே ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. இந்த இரண்டு எண்களையும் சுகாதார அமைச்சின் பொறுப்பை ஏற்கும் ஒவ்வொருவரும் தமது மேசையில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

1980 களின் பிற்பகுதியில் மகாவலிக் குடியேற்றப் பிரதேசங்களிலே மலேரியா பெருமளவில் தலையெடுத்தது. பின்னர் யுத்தம் அதனை வடக்கிலும் கிழக்கிலும் நிலைகொள்ளச் செய்தது. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி வன்னிக்குச் சென்ற குடும்பங்களுக்கு மலேரியாக் காய்ச்சல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மரநிழல்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் நடுக்கத்துடன் படுத்திருந்தவர்களை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்த முஸ்லிம் மக்களும் நுளம்புக்கு இலகுவில் இலக்காகும் வாழ்க்கையையே வாழ்ந்தனர். 1999 ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான மலேரியா நோயாளர்களின் எண்ணிக்கை 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமாகும். அவர்களில் கணிசமானோர் யுத்தப் பிரதேசங்களைச் சேர்ந்தவர்கள்.

அந்த நிலையிலிருந்து பதின்மூன்று ஆண்டுகளில் நோய் எவ்வாறு இல்லாதொழிக்கப்பட்டது? இந்தக் கேள்விக்கான விடையிலேயே இன்று எமக்குத் தேவையான பாடம் அடங்கியுள்ளது.

முதலாவதாக, எல்லா இடங்களிலும் ஒரே சீராக மருந்து விசிறும் பழைய முறை கைவிடப்பட்டது. நோய் எங்கே கூடுதலாக உள்ளது என்பதைக் கண்டறிந்து அந்தக் கிராமங்களில் மட்டும் வீடுகளின் உட்சுவர்களுக்கு மருந்து விசிறப்பட்டது. நுளம்பு ஒரே மருந்துக்குப் பழகிவிடாதிருக்க மருந்துகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப்பட்டன. இரண்டாவதாக, நீண்டகாலம் மருந்துச் சக்தி நிலைத்திருக்கக்கூடிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. மூன்றாவதாக, சிகிச்சை முறைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டன. உயிராபத்தை விளைவிக்கும் பல்சிபாரம் வகைக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து அறிமுகப்படுத்தப்பட்டது. ஈரலில் மறைந்திருந்து மாதக்கணக்கின் பின்னரும் தலைகாட்டக்கூடிய விவாக்ஸ் வகைக்குப் பிறைமகுயின் மாத்திரை பதினான்கு நாட்கள் கொடுக்கப்பட்டது.

இவை அனைத்தையும் விட முக்கியமானது, நோயாளி வரும்வரை காத்திராமல் நோயைத் தேடிச் சென்றமையாகும். வைத்தியசாலைக்குக் காய்ச்சலுடன் வந்தவர்களின் இரத்தம் வழமையாகப் பரிசோதிக்கப்பட்டது. வைத்தியசாலை இல்லாத கிராமங்களுக்கும், சேனைப் பயிர்ச்செய்கையாளர்களின் கொட்டில்களுக்கும், இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்கும் நடமாடும் மலேரியாப் பரிசோதனைப் பிரிவுகள் சென்றன. ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கான இரத்த மாதிரிகள் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கப்பட்டன. காய்ச்சல் இல்லாதவரிடமும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால் நோயாளியின் அயலவர்களும் பரிசோதிக்கப்பட்டனர்.

இதில் யுத்தக் காலத்துப் பணியாளர்களின் பங்கு தனியாகக் குறிப்பிடப்பட வேண்டியதாகும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பிரதேசங்களிலும் அரச சுகாதார சேவையின் மலேரியாத் தடைப் பணி முற்றாக நின்றுவிடவில்லை. மருந்துகளைக் கொண்டுசெல்வதற்கு எத்தனையோ தடைகள் இருந்தபோதும், போரிட்ட இரு தரப்பினரும் இந்தப் பணிக்கு இடமளித்தனர். சர்வதேச செஞ்சிலுவைக் குழு, சர்வோதய போன்ற அமைப்புகள் துணை நின்றன. உலகளாவிய நிதியத்தின் உதவி கிடைத்தது. சோதனைச் சாவடிகளையும் கண்ணிவெடிகளையும் கடந்து மருந்து விசிறச் சென்ற ஊழியர்களில் பெரும்பாலானோர் எந்தப் பட்டியலிலும் பெயர் இடம்பெறாதவர்கள். அரசியலில் எதிலும் உடன்பட முடியாதவர்கள் நுளம்பு விடயத்தில் உடன்பட்டனர் என்பது இந்த நாட்டின் யுத்த வரலாற்றில் மிக அரிதாகக் காணப்படும் ஒரு நல்ல பக்கமாகும்.

பெறுபேறு விரைவாகவே தெரிந்தது. 2004 ஆம் ஆண்டில் நோயாளர்களின் எண்ணிக்கை நான்காயிரத்துக்கும் கீழே வந்தது. 2008 இல் அது ஆயிரத்தை விடக் குறைந்திருந்தது. யுத்தம் முடிவடைந்த 2009 இல் நோய் ஒழிப்புக்கான விசேட திட்டம் ஆரம்பமானது. அதன்பின் ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டார். அவர் எங்கிருந்து வந்தார், எங்கு உறங்கினார், எந்த நுளம்பு கடித்திருக்கலாம் என்பவை வரை ஆராயப்பட்டன. 2012 ஆம் ஆண்டில் உள்நாட்டில் தொற்றியவர்கள் 23 பேர் மாத்திரமே. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்துக்குப் பின்னர் உள்ளூரில் உருவான மலேரியா எதுவும் பதிவாகவில்லை. அத்தாட்சி பெறுவதற்குத் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று இருக்கக் கூடாது என்பது விதியாகும். இலங்கை அந்த விதியைப் பூர்த்தி செய்தது.

எனினும் ஒழிந்தது ஒட்டுண்ணி மட்டுமே, நுளம்பு ஒழியவில்லை. உலர் வலயத்தில் பழைய நுளம்பு இன்றும் பெருமளவில் உண்டு. அதற்கு ஒட்டுண்ணி கிடைத்தால் போதும். அந்த ஒட்டுண்ணியோ ஆண்டுதோறும் விமானத்திலும் படகிலும் வந்துகொண்டே இருக்கின்றது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 26 கோடியே 30 இலட்சம் பேருக்கு மலேரியா தொற்றியதாகவும், அவர்களில் 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இந்த நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆபிரிக்காவைச் சேர்ந்தவர்கள். மடகஸ்கார், மொசாம்பிக் ஆகிய நாடுகளுக்குச் சென்றுவரும் மாணிக்கக்கல் வர்த்தகர்கள், ஐ.நா. அமைதி காக்கும் படையில் பணியாற்றித் திரும்பும் இராணுவத்தினர், இந்தியாவுக்கு யாத்திரை சென்று வருவோர், அங்கிருந்து இங்கு வேலைக்கு வருவோர், தமிழக முகாம்களிலிருந்து தாயகம் திரும்பும் அகதிகள் எனப் பலரும் இந்த வழியில் பயணம் செய்கின்றனர். மேற்கு நாடுகளுக்கு அனுப்புவதாகக் கூறிய ஆட்கடத்தல்காரர்களால் மேற்கு ஆபிரிக்காவில் கைவிடப்பட்டுத் திருப்பி அழைத்துவரப்பட்ட இளைஞர்கள் பலருக்கு மலேரியா இருந்தமை யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் கண்டறியப்பட்டது.

இது வெறும் ஊகம் அல்ல. 2018 ஆம் ஆண்டின் இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் உடலிலிருந்த ஒட்டுண்ணி உள்ளூர் நுளம்பின் மூலமாக இலங்கையர் ஒருவருக்குத் தொற்றியது. ஒழிப்புக்குப் பின்னர் பதிவான முதலாவது சம்பவம் அது. உடனடியாகக் கண்டறியப்பட்டமையினால் அந்தச் சங்கிலி அத்துடன் அறுக்கப்பட்டது. கண்டறியப்படாமல் விடப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 1960 களின் வரலாறே பதில் கூறும். 2023 ஆம் ஆண்டில், வெளிநாட்டில் தொற்றிய மலேரியாவுடன் நாடு திரும்பிய ஒருவர் உயிரிழந்தார். குணப்படுத்தக்கூடிய ஒரு நோயினால், நோய் ஒழிந்துவிட்ட நாட்டிலே நிகழ்ந்த மரணம் அது.

இங்குதான் வெற்றியே ஆபத்தாக மாறுகின்றது. ஒரு காலத்தில் காய்ச்சல் என்றவுடன் வைத்தியர் முதலில் நினைத்தது மலேரியாவையே. இன்று முதலில் நினைப்பது டெங்குவை. அண்மைக் காலத்தில் வைத்தியக் கல்வியை முடித்து வெளியேறிய பலர் தமது வாழ்நாளில் ஒரு மலேரியா நோயாளியையேனும் கண்டிருக்க மாட்டார்கள். நோயாளியும் தான் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதைக் கூறுவதில்லை. அவரிடம் எவரும் கேட்பதுமில்லை. சட்டவிரோதமாகப் பயணம் செய்தவராயின் அதனை மறைக்கவே முயல்வார். பல்சிபாரம் மலேரியா சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டு வைத்தியர்களிடமும் ஒரு மருந்தகத்திடமும் சென்று காலம் கடத்துவதற்கு அது இடமளிப்பதில்லை.

இத்தகைய சூழலில்தான் மன்னாரில் கண்டறியப்பட்ட புதிய நுளம்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டியுள்ளது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி எனப்படும் இந்த நுளம்பு இந்தியாவின் நகரங்களில், குறிப்பாகச் சென்னையில், மலேரியாவைப் பரப்பி வருவதாகும். பழைய நுளம்பு ஆற்றுப் படுகைகளையும் வயல்சார்ந்த நீர்நிலைகளையும் நாடியது. புதிய நுளம்போ கிணறுகளிலும், சீமெந்துத் தொட்டிகளிலும், கூரைமேல் வைக்கப்பட்ட நீர்த்தாங்கிகளிலும் முட்டையிடுகின்றது. மலேரியா காட்டுப்புறத்து நோய், நகரத்துக்கு வராது என்ற எமது பழைய எண்ணத்தை இது பொய்யாக்கிவிடக்கூடியது. மன்னாரைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்திலும் இது கண்டறியப்பட்டது. ஆறுகளற்ற யாழ். குடாநாட்டின் வாழ்க்கை கிணற்றையே சார்ந்தது. பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கிணறு என்ற நிலையில், அவற்றுள் ஆட்களற்ற வளவுகளில் பாழடைந்து கிடப்பவையும் ஏராளம்.

இந்த நுளம்பு என்ன செய்யக்கூடியது என்பதைச் செங்கடலோரத்து நாடான ஜிபூட்டி எமக்குக் காட்டியுள்ளது. 2012 ஆம் ஆண்டில் அங்கு பதிவான மலேரியா நோயாளர்கள் 27 பேர். அந்நாடும் நோய் ஒழிப்பின் வாசலில் நின்றது. அதே ஆண்டில்தான் அங்கு ஸ்டெபென்சி நுளம்பு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் நோயாளர்களின் எண்ணிக்கை 70 ஆயிரத்தைத் தாண்டியது. இதற்கு வேறு காரணங்களும் துணைபோயிருக்கலாம். ஆயினும் துறைமுகமும் நகரமும் வரட்சியும் கொண்ட ஒரு நாட்டில் இந்த நுளம்பு குடியேறியதன் விளைவு அலட்சியப்படுத்தக்கூடியதன்று. இலங்கையில் இந்த நுளம்பு கண்டறியப்பட்ட பின்னரும் உள்நாட்டில் மலேரியா பரவல் மீளத் தலையெடுக்கவில்லை. காலம் எமக்கு அவகாசம் தந்துள்ளது என்பதே இதன் பொருள்.

மறுபுறத்தில், தென்னிந்தியாவுடனான எமது போக்குவரத்து அதிகரித்துள்ளது. பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான விமான சேவை 2019 இல் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 இல் ஆரம்பிக்கப்பட்டு 2024 இல் மீண்டும் தொடர்ந்தது. உறவுகளையும் வணிகத்தையும் இணைக்கும் இந்தப் பாதைகளை நாம் வரவேற்கின்றோம். பயணத்தைத் தடுப்பது நோய்க்கு மருந்தாகாது. பயணத்துடன் சேர்ந்து வரக்கூடிய ஒட்டுண்ணியை முன்கூட்டியே கண்டறியும் ஏற்பாடே தேவையானது.

நோயாளர்கள் இல்லாத ஒரு நோய்க்குப் பணம் செலவிடுவதா என்று கேட்போர் உள்ளனர். 2017 ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு தொற்றி நானூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்த நாட்டில் இந்தக் கேள்வி நியாயமற்றதல்ல. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் அதனைத் தொடர்ந்து வைத்தியர்கள் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேறியமையும் சுகாதாரத் துறையை நலிவடையச் செய்துள்ளன. இருந்தபோதும், 1963 இல் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பன்மடங்கு செலவை 1969 இன் பின்னர் இந்த நாடு ஏற்க நேர்ந்தது. காவலாளி இருப்பதனால் திருட்டு நடக்கவில்லை என்பதை மறந்து, திருட்டு நடக்கவில்லையே என்று காவலாளியை நிறுத்துவது அறிவுடைமையாகாது.

ஆகவே, செய்ய வேண்டியவை எவை என்பது தெளிவானதாகும். காய்ச்சலுடன் வரும் ஒவ்வொருவரிடமும் அண்மையில் வெளிநாடு சென்றீர்களா என்ற ஒரு கேள்வி அரச வைத்தியசாலைகளில் மட்டுமன்றித் தனியார் வைத்தியசாலைகளிலும் கட்டாயமாகக் கேட்கப்பட வேண்டும். ஆம் என்று பதில் வந்தால் அன்றே மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். பயண விபரத்தைக் கூறுவதனால் எவரும் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட மாட்டார்கள் என்ற உறுதிப்பாடு நோயாளிக்குக் கிடைக்க வேண்டும்.

ஆபிரிக்க நாடுகளுக்குச் செல்வோருக்கான தடுப்பு மாத்திரைகளை மலேரியா தடை இயக்கம் இலவசமாக வழங்குகின்றது. ஆனால் இது தெரியாமலே பயணம் செய்வோர் பலர். பயண முகவர்களும், பேருவளை போன்ற வர்த்தக நகரங்களின் பள்ளிவாசல்களும் வர்த்தகச் சங்கங்களும், யாத்திரைகளை ஒழுங்கு செய்யும் கோயில்களும் தேவாலயங்களும் இந்தத் தகவலை மக்களிடம் கொண்டுசெல்லலாம். அதற்கான அறிவித்தல்கள் பிழையற்ற தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் அதிகாரிகளுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

கிணறுகளைப் பொறுத்தவரை, குடம்பிகளை உண்ணும் மீன்களை விடுதல், நுளம்பு புகாத வலையினால் மூடுதல், நீர்த்தாங்கிகளின் மூடிகளைச் சீராக வைத்திருத்தல் என்பன அதிகச் செலவில்லாத வழிகளாகும். கைவிடப்பட்ட வளவுகளின் உரிமையாளர்கள் பலர் புலம்பெயர்ந்து வாழ்கின்றனர். அத்தகைய கிணறுகளின் பொறுப்பை உள்ளூராட்சி சபைகளே ஏற்க வேண்டியிருக்கும். டெங்கு நுளம்பும் இந்த நுளம்பும் வீட்டுச் சூழலில் தேங்கும் நீரிலேயே பெருகுவதால் இரண்டையும் ஒரே பரிசோதகர் ஒரே தடவையில் தேட முடியும். டெங்குவின் அவசரத்தில் மலேரியாவுக்கான பூச்சியியல் பணியாளர்களும் நுணுக்குக்காட்டியில் தேர்ச்சி பெற்றவர்களும் கரைந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது மத்திய அரசினதும் மாகாண சபைகளினதும் கூட்டுப் பொறுப்பாகும்.

வன்னியில் காய்ச்சலால் நடுங்கிய பிள்ளைகள் இன்று பெற்றோராகியுள்ளனர். அவர்களது பிள்ளைகளுக்கு மலேரியா என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல் மாத்திரமே. ஒரு தலைமுறைக்குக் கிடைத்த மிகப் பெரிய செல்வம் இது. ஷெல் வீச்சுக்கு நடுவிலும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தவர்கள் தேடித்தந்த அந்தச் செல்வத்தைச் சமாதான காலத்தின் கவனயீனத்தினால் நாம் இழந்துவிடக் கூடாது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பணியைச் சுகாதாரப் பகுதியினர் மட்டுமன்றி ஒவ்வொரு வீட்டாரும் இன்றே ஆரம்பிக்க வேண்டும்.